ஐந்தரைக் கோடி ஆண்டுச் சேற்றுக்கு அபிஷேகம்

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

திண்டிவனம் மயிலம் ரோட்டின் இரும்புச் சக்கரவர்த்தியும், முறிந்த அச்சுகளுக்கு மறுபிறவி கொடுக்கும் மகா வைத்தியனும், தணிகாசலம் லேத் ஒர்க்ஸின் ஏக அதிபதியுமாகிய நான் இன்று கோபமாக இருக்கிறேன். காரணம் ஒன்றா இரண்டா? பொரி நமுத்துப் போயிருந்தது. பூசணிக்காய் எலுமிச்சை அளவில் இருந்தது. பூஜை நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்வாரியத்தை நான் சபித்த சாபம் மேல்மருவத்தூர் வரை கேட்டிருக்கும்.

ஆனாலும் பூஜை பூஜைதான். லேத், துளை மிஷின், கிரைண்டர், பட்டறைச் சாமான் எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். எங்கள் தொழிலில் பூஜை என்றால் முதலில் எண்ணெய்தான். துரு பிடிக்கக்கூடாது, முகம் மினுங்க வேண்டும்.

இந்த வருஷம் பட்டறையில் புது விருந்தாளி. என் அண்ணன் மகள் சங்கமித்திரை யுனிவர்சிட்டியில் பூமியைப் படிக்கிறாள். வானூர்ப் பக்கம் ஆழத் துளை போட்டு எடுத்த மண் உருளைகள், மணிக்கட்டுப் பருமனில், பதினொரு மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கியவை. 'கோர்' என்கிறாள். யுனிவர்சிட்டி அறையில் மழை ஒழுகுகிறதாம், அதனால் என் சாம்ராஜ்யத்தில் அடைக்கலம். ஐந்தரைக் கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் சேறாம். அவ்வளவு வயசான பெரியவர் வீட்டில் இருக்கும்போது பூஜை செய்யாமல் விடுவேனா? பதினொரு பெட்டிக்கும் தலை முதல் கால் வரை, குடம் குடமாக நல்லெண்ணெய் அபிஷேகம் செய்தேன். சேறு மாப்பிள்ளை மாதிரி மின்னியது.

அக்டோபர் 6, திங்கள்

மித்ரா ஊரிலிருந்து வந்துவிட்டாள். பெட்டி மூடியில் சந்தனத்தைப் பார்த்ததும் கண்ணை உருட்டினாள்.

"சித்தப்பா, இன்னா இது?"

"மரியாதை கண்ணு. ஐந்தரைக் கோடி வயசுக்கு ஒரு பொட்டுகூட வைக்கலன்னா ஊர் என்ன சொல்லும்?"

"மூடியோட நிறுத்திட்டீங்கள்ல?"

அவள் கேட்ட அதே நிமிஷம் கிரைண்டரை ஓட்டத் தொடங்கினேன். வேலை இருந்தது. உருளைகளின் மேல்தோலைச் சுரண்டி, உள்ளிருந்து சேற்றைக் கிள்ளிக் கிள்ளிச் சின்னக் குப்பிகளில் போட்டுக்கொண்டு போனாள். வாரக்கணக்கில் காய்ந்த சேறு எண்ணெயை எல்லாம் உறிஞ்சியிருந்தது போல. வெளியே பார்த்தால் எதுவும் தெரியவில்லை.

சோறு போடும்போது கோகிலா (என் மனைவி வசந்தகோகிலம், இந்த அரசாங்கத்தின் எதிர்க்கட்சி) கேட்டாள்: "சேத்துல அப்படி இன்னாடி தேடுற?"

மித்ரா சொன்னாள்: கரியில் இரண்டு வகை, கொஞ்சம் கனமானது, கொஞ்சம் லேசானது. செடிகொடிகளுக்கு லேசான கரியென்றால் பிரியம், அதைத்தான் அதிகம் தின்னும். அதனால் செடியிலிருந்து வந்த எதுவும், நிலக்கரி, பெட்ரோல், எல்லாம் லேசு. ஐந்தரைக் கோடி வருஷம் முன்பு எங்கிருந்தோ லேசான கரி மலைமலையாக வெளிவந்து காற்றில் கலந்து, உலகம் சூடேறி, கடல் புளித்து, ஆழத்தில் இருந்த நுண்ணுயிர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போயின. கனம் குறைந்த அந்தக் கரி கடல் சேற்றிலும் படிந்திருக்கும். வரைபடத்தில் பார்த்தால் கோடு திடீரென்று பள்ளத்தில் விழும்.

"அந்தப் பள்ளம் நம்ம பக்கத்துச் சேத்துல இருக்குதான்னு யாரும் பாக்கல சித்தி. நான்தான் மொதல்ல."

மார்ச்சோடு அவளுடைய உதவித்தொகை முடிகிறது. மூன்று வருஷ உழைப்பும் இந்தப் பதினொரு பெட்டிக்குள். இதையும் சொன்னாள், ஆனால் கோகிலாவிடம்தான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. என் அணுகுண்டு 'புஸ்' என்றது. வருண பகவான் மேல் கோபம்.

நவம்பர் 12, புதன்

வந்துவிட்டது! மித்ரா கத்திய கத்தலில் லேத்தில் இருந்த அச்சு கோணிவிட்டது (கோணல் அதில் ஏற்கனவே இருந்தது, அதை விடு). வரைபடத்தில் பள்ளம். சின்னப் பள்ளம் ஒன்று ஒன்பதாம் பெட்டியில். ஏழாம் பெட்டியில் ஒரு பாதாளம்! உலகத்தில் எங்குமே இவ்வளவு பெரியது கிடைத்ததில்லையாம். பேராசிரியர் ஞானாதிக்கம் மூன்று முறை கண்ணாடியைத் துடைத்தாராம்.

திண்டிவனச் சேறு உலகத்தையே ஜெயித்துவிட்டது. ஹார்டுவேர் கடை, டயர் கடை, பேங்க் வாசல், எல்லா இடத்திலும் சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கடல் கொதித்து ஆவியாகி, மீன்கள் வெந்து, மயிலம் மலை உருகி ஓடியது என்று விளக்கினேன். டயர் கடைக்காரர் அழுதேவிட்டார். அல்லது சளி.

நவம்பர் 16, ஞாயிறு

பேராசிரியர் ஞானாதிக்கத்துக்கு வீட்டில் விருந்து. மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுவார், வஞ்சிரத்தை முள்ளோடு மதிப்பார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கோகிலா இரண்டாம் முறை குழம்பு ஊற்றினாள். பேராசிரியர், "சேறு எங்க வெச்சிருந்தீங்க, பட்டறையிலயா? பத்திரமா பாத்துக்கிட்டீங்க, ரொம்ப நன்றி" என்றார்.

பத்திரம் என்ற சொல்லைக் கேட்டால் நான் சும்மா இருப்பேனா?

"பத்திரமா? ராஜ மரியாதை ஐயா! ஆயுத பூஜைக்குப் பதினொரு பெட்டிக்கும் நல்லெண்ணெய் அபிஷேகம். ஒரு குடம் இல்ல, ரெண்டு குடம். உருளை ஒவ்வொண்ணையும் தூக்கி, குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி..."

பேராசிரியர் கையிலிருந்த மீன் இலையில் விழுந்தது.

"எண்ணெயா? சேத்து மேலயா?"

மித்ரா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

பிறகு அவர் சொன்னது இது. எள் ஒரு செடி. எண்ணெய் செடியின் கரி. லேசான கரி. சேற்றில் எண்ணெய் ஊறினால் வரைபடத்தில் வரும் பள்ளத்துக்கும், உலகம் எரிந்ததால் வந்த பள்ளத்துக்கும் மிஷினுக்கு வித்தியாசம் தெரியாது. கையைக் கழுவிவிட்டு வாசலில் செருப்பை மாட்டும்போது மெதுவாகச் சொன்னார்: "முழுக் கோரும் போச்சும்மா. எதையும் நம்ப முடியாது. வேற தலைப்பு பாப்போம்."

மயிரே போச்சு என்று நினைத்தேன். எண்ணெய் தொட்டால் பூமியின் சரித்திரமே கெட்டுப்போகுமா? அப்படிப்பட்ட பூமியை யார் செய்தது? எந்தக் கம்பெனி?

நவம்பர் 17, திங்கள்

கோகிலா என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. லேத்தும் பேசவில்லை, பெல்ட் அறுந்துவிட்டது. எல்லாருக்கும் என் மேல்தான் பழி.

நவம்பர் 20, வியாழன்

பஸ் ஏறிப் போனேன். பேராசிரியர் அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மேஜையைத் தட்டினேன்.

"ஐயா, நான் அவ்ளோ எண்ணெ ஊத்தல."

"ரெண்டு குடம்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது பேச்சு. பேச்சுல ரெண்டு குடம்னா நெஜத்துல..."

"நெஜத்துல?"

"கொஞ்சம்."

"எவ்ளோ கொஞ்சம்? எந்தப் பெட்டி? எந்த உருளை?"

ஆதாரம் கொண்டுபோயிருந்தேன். இந்த டைரிதான். அன்றன்றைக்கு எழுதியது, கோர்ட்டில் கூடச் செல்லும் என்று சொல்லி அக்டோபர் ஒன்றாம் தேதியைப் பிரித்து நீட்டினேன். அவர் சத்தமாகப் படித்தார். "'பதினொரு பெட்டிக்கும் தலை முதல் கால் வரை, குடம் குடமாக...'"

நிறுத்தினார். டைரியை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

"தணிகாசலம், உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா நீங்க சொல்றதுல எதை எடுத்துக்கிறது, எதை விடுறதுன்னு எனக்குத் தெரியல. எந்தெந்த உருளைல எண்ணெ பட்டதுன்னு உறுதியா தெரிஞ்சா மீதி எல்லாத்தையும் காப்பாத்தலாம். யார் சொல்றது அந்த உறுதியை?"

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவனோடு சண்டை போட்டேன். எதற்கு என்று நினைவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

மித்ரா காலையிலேயே வந்தாள். அழுதிருக்கிறாள், முகத்தைக் கழுவினால் எனக்குத் தெரியாதா? பட்டறை ஷட்டரைத் தூக்கினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"சித்தப்பா, எவ்ளோ எண்ணெ?"

"ஒரு..."

"குடம்னு சொன்னீங்கன்னா நான் இப்பவே பஸ் ஏறிடுவேன்."

"ஒரு படி."

"சித்தப்பா."

"அரைப் படி. ஏய், இன்னா போலீஸ் விசாரணையா இது? உங்க அப்பன்கூட என்னை இப்படிக் கேட்டதில்ல. சைக்கிள் பழகக் குடுத்து உன்னைத் தெருத்தெருவா தள்ளிக்கிட்டு ஓடினவன் நான்!"

"ஒரு தெருவா, ஊர் பூராவா?" என்றாள். குரலில் சிரிப்பில்லை. "சின்ன வயசுல நீங்க சொன்ன ஒவ்வொண்ணையும் நம்புனேன். மயிலம் மலைக்குள்ள ஒரு திமிங்கலம் தூங்குதுன்னு. அதுக்குத்தான் நான் இந்தப் படிப்புக்கே போனேன். தெரியுமா உங்களுக்கு? இன்னைக்கு எனக்கு அந்தச் சித்தப்பா வேணாம். ஒரே ஒரு தடவ உள்ளத உள்ளபடி சொல்ற ஆள் வேணும்."

உள்ளே போய் கோகிலாவிடம் எண்ணெய் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கொடுத்தாள். பழைய துணியை நனைத்தேன். அன்றைக்குச் செய்தபடியே தொடங்கினேன். லேத் தளம். சக். துளை மிஷின். கிரைண்டர். வைஸ். ரம்பம். கை தானாக ஒவ்வொரு இடமாகப் போயிற்று. ஷட்டர் ஓரம் வந்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று. குனிந்து கீழ்ப்பெட்டியை இழுக்க முழங்கால் விடாது. அன்றைக்கும் விடவில்லை. மேலே இருந்த பெட்டி மட்டும்தான் கைக்கு எட்டியது. ஏழாம் எண். அன்றைக்கு அதன் மூடியைத்தான் திறந்தேன். முதல் வரிசை. ஓர் உருளை. இன்னொன்று. மூன்றாவதில் பாதியிலேயே துணி காய்ந்துவிட்டது. மூடியில் சந்தனம் வைத்தேன். கோகிலா சுண்டல் ஆறுகிறது என்று கூப்பிட்டாள். போய்விட்டேன்.

அவ்வளவுதான்.

அபிஷேகம் இல்லை, ஒன்றும் இல்லை. மிஷின்களைத் துடைத்தது போக மிச்சம் ஒட்டியிருந்த பழந்துணி. அதை இங்கே எழுதவே கை கூசுகிறது. பெரிய தப்புச் செய்தவன் என்ற மரியாதைகூட எனக்கு மிஞ்சவில்லை.

"மூணா?" என்றாள்.

"ரெண்டரை."

அவள் எழுதிக்கொண்டாள். ரெண்டரை என்றே எழுதினாள்.

நவம்பர் 25, செவ்வாய்

ஞானாதிக்கம் வந்தார். நான் சொன்ன மூன்று உருளையிலிருந்தும் மாதிரி எடுத்தார். பிறகு என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, நான் தொடவில்லை என்ற பெட்டிகளிலிருந்து தன்னிஷ்டத்துக்கு மூன்று எடுத்தார். வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. சேற்றை ஏதோ மருந்துத் திரவத்தில் கழுவி அந்தத் திரவத்தில் எள் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். எள் தன் அடையாளத்தை விட்டுவிட்டுத்தான் போகுமாம். முதல் மூன்றில் எள் இருந்து, மற்ற மூன்றில் இல்லையென்றால் என் வார்த்தை நிற்கும். ஒன்று பிசகினாலும் மித்ராவின் மூன்று வருஷம் குப்பை.

என் சொந்தப் பட்டறையில் என்னை வெளியே நிற்கச் சொல்கிறார்! மூக்கு முட்டக் கோபம் வந்தது. நின்றேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

புயல் சின்னம். மழை. பெட்டிகளைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினேன். எண்ணெய்ப் பாட்டிலைப் பரண் மேல் போட்டுவிட்டேன். கோகிலா தாளிக்க எண்ணெய் இல்லை என்று கத்துகிறாள். கத்தட்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

தூக்கம் சரியில்லை. நான்காவது உருளையில் துணி பட்டிருக்குமோ? பட்டிருக்காது. காய்ந்துவிட்டது. நன்றாக நினைவிருக்கிறது. இல்லை, நன்றாக நினைவிருக்கிறது என்று நான் சொன்ன எத்தனை விஷயம் நடந்தது?

டயர் கடைக்காரர், "கடல் கொதிச்ச கதை என்னாச்சு?" என்று கேட்டார். கடுப்பில் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். பாவம், அவர் நல்ல மனிதர்.

ஜனவரி 6, செவ்வாய்

புது டைரி. ஹார்டுவேர் கடையில் கொடுத்தது.

மூன்றில் எள். மூன்றில் எதுவுமில்லை. மூன்றாம் உருளையில் பாதி வரை மட்டும்.

மித்ரா போனில் சொன்னாள். பெட்டிகள் தப்பின. நான் "ம்" என்றேன். கோகிலா அடுக்களையில் போய் நின்றுகொண்டாள்.

பிறகு மித்ரா நேரில் வந்து மீதியைச் சொன்னாள். எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஏழாம் பெட்டியின் பாதாளம், உலகத்தையே ஜெயித்தது, ஊரெல்லாம் நான் பறைசாற்றியது, அத்தனையும் என் எண்ணெய். அதை அடித்துவிட்டால் மிச்சம் ஒன்பதாம் பெட்டியில் ஒரு பள்ளம். சட்டையில் விழுந்த மடிப்பு மாதிரி.

"இதுதான் பூமியோடது," என்றாள்.

"இவ்ளோதானா? ஐந்தரைக் கோடி வருஷம் முன்னாடி உலகம் எரிஞ்சதுக்கு இவ்ளோ சின்னக் குழியா? நான் ஒரு பழந்துணிய வெச்சே இதைவிடப் பெருசா காட்டிட்டேனே!"

"நீங்க ரெண்டரை உருளைய அசைச்சீங்க சித்தப்பா. இது மொத்தக் காத்து, மொத்தக் கடல். அவ்ளோ பெரிய கடலோட கணக்கு இந்தச் சின்ன மடிப்பளவு அசையணும்னா எவ்ளோ கரி வந்திருக்கணும்னு யோசிங்க."

யோசித்தேன். பக்கெட் தண்ணீரில் ஒரு சொட்டு நீலம் போட்டால் தெரியும். ஏரியில் தெரிய வேண்டுமானால்? வங்காள விரிகுடாவில் தெரிய வேண்டுமானால்?

"எவ்ளோ சூடு ஏறுச்சு?"

"அஞ்சு டிகிரி கிட்ட."

"அஞ்சா?"

"அஞ்சுதான். கரி வந்து முடிய சில ஆயிரம் வருஷம். பழையபடி ஆக ஒரு லட்சத்துக்கும் மேல. இப்ப நாம அதைப் போல பத்து மடங்கு வேகத்துல விட்டுக்கிட்டு இருக்கோம்."

கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. காபி ஆறிப்போச்சு என்று சொல்வது மாதிரி சொன்னாள். என் வாழ்நாளில் நான் யாரையும் இப்படிப் பயமுறுத்தியதில்லை. எத்தனை மலையை உருக்கியிருக்கிறேன்!

பிப்ரவரி 11, புதன்

மித்ரா இன்று யுனிவர்சிட்டி அரங்கில் தன் ஆராய்ச்சியை எல்லார் முன்னும் சொன்னாள். முதல் வரிசையில் நானும் கோகிலாவும். கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்து ஏழாம் பெட்டியை ஏன் விட்டீர்கள் என்றார். "என் பாதுகாப்புல இருந்தப்ப எண்ணெ பட்டிருச்சு சார், அதனால விலக்கிட்டேன்" என்றாள்.

அவள் பாதுகாப்பா? அவள் ஊரிலேயே இல்லை! எழுந்துவிட்டேன். கோகிலா வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "பட்டது என் கையால. ஏழாம் பெட்டி, மொத வரிசை, ரெண்டரை உருளை," என்றேன். அரங்கம் சிரித்தது. ஞானாதிக்கம் மட்டும் தலையை ஆட்டினார், சரிதான் என்பது போல.

முடிந்து வெளியே வந்ததும் ஒரு பத்திரிகை நிருபர் என்னைப் பிடித்துக்கொண்டார். மித்ரா பக்கத்தில் சிநேகிதிகளோடு நின்றிருந்தாள்.

"ஐயா, நீங்கதான் சித்தப்பாவா? நல்லா சொல்லுவீங்கன்னு கேள்விப்பட்டேன். அன்னைக்கு இன்னா நடந்துச்சு? கடல் கொதிச்சுதாமே?"

வாய் ஊறியது. மறைக்க மாட்டேன். மயிலம் மலை தொண்டைவரை வந்து நின்றது.

"கொதிக்கல. அஞ்சு டிகிரி ஏறுச்சு."

"அஞ்சா? அம்பதா?"

"அஞ்சு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்யா! அவ்ளோதான்னா இன்னான்னு தெரியுமா உனக்கு? காய்ச்சல்ல உன் பிள்ளைக்கு அஞ்சு டிகிரி ஏறினா அவ்ளோதானான்னு கேப்பியா?" நான் கத்திய கத்தலில்... இல்லை, சாதாரணமாகத்தான் கத்தினேன். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நிருபர் பேனாவை மூடிவிட்டுக் காபி எங்கே தருகிறார்கள் என்று கேட்டார்.

பிப்ரவரி 12, வியாழன்

பத்திரிகையில் நாலாம் பக்கம்: 'கொதித்தது வங்கக்கடல், வெந்து மடிந்தன டைனோசர்கள்: திண்டிவனம் மாணவி அதிரடி.'

டைனோசரா! அதற்கும் ஒரு கோடி வருஷம் முன்பே டைனோசர் செத்துப்போய்விட்டது. இல்லாத மிருகத்தை எப்படி வேகவைப்பான்? கீழே என் பெயர் வேறு.

ஹார்டுவேர் கடையில் கைகொடுத்தார்கள். டயர் கடைக்காரர், "எனக்குத் தெரியும், உங்க வேலைதான்" என்று முதுகில் தட்டினார். பதினொரு மணிக்கு, ராத்திரி எங்கள் வீட்டில் தங்கியிருந்த மித்ராவின் போன் அடித்தது. ஞானாதிக்கம். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சங்கமித்திரை, பேப்பர் பாத்தியா? சித்தப்பா மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரா?"

இருபது மலையை உருக்கியவன் நான், இந்த முறை நிரபராதி. சொன்னாலும் யார் நம்புவார்கள்?

"இல்ல சார்," என்றாள் மித்ரா. "நான் பக்கத்துல இருந்தேன். சித்தப்பா அஞ்சு டிகிரின்னுதான் சொன்னாரு."

"அப்ப சரி," என்றார்.

சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன். எங்கே என்றாள் கோகிலா. பத்திரிகை ஆபீசுக்கு. திருத்தம் போடும்வரை அங்கே நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். நாளைக்கும் போவேன். ஆள் மாற்றி ஆள் வந்து கேட்டாலும் அஞ்சுதான் சொல்வேன்.

மித்ரா பின்னால் ஏறிக்கொண்டாள்.